உயிரோடு இருக்கும் ஸ்டியரிங்கை ஏன் பரணில் ஏற்ற வேண்டும்?

போன மாதம் பரணை ஒழிக்கும்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டி கைக்கு வந்தது. உள்ளே என்னுடைய லாஜிடெக் ஜி27, கார் ரேஸ் வீடியோ கேம் ஓட்டுவதற்கான ஸ்டியரிங் செட். ஸ்டியரிங், மூன்று பெடல், கியர் ஷிஃப்டர், எல்லாம் பத்திரமாக இருந்தன. 2011-இல் வாங்கியது. அப்போது சோனியின் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) கேம் கன்சோலில் கிரான் டூரிஸ்மோ 5 என்ற கார் ரேஸ் கேமை ஓட்டாத ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீட்டில் கிடையாது.

ஒன்பதாவது படிக்கும் என் மகள், "அப்பா, இதை நம்ம பிஎஸ்4-ல மாட்டலாமா?" என்று கேட்டாள். தூசி தட்டித் துடைத்து, கரன்ட் ஒயரையும் யூஎஸ்பியையும் செருகினோம். ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் கடைசிவரை சுற்றியது, மறுபக்கம் கடைசிவரை சுற்றியது, சரியாக நடுவில் வந்து நின்றது. இத்தனை வருடம் கழித்தும் துளி பிசகில்லை. மகள் கைதட்டினாள். ஆனால் கேமுக்குள் போனதும் ஒன்றும் இல்லை. பெடலை மிதித்தாலும் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நின்ற இடத்திலேயே நின்றது.

கடை ஒன்றில் கேட்டேன். "அண்ணே, அது பழைய மாடல், இதுல ஓடாது. புதுசு எடுத்துக்குங்க" என்றார்கள். கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த 'ஓடாது' என்ற வார்த்தையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஓட முடியாமல் இல்லை. ஓட விடவில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஜி27-க்கு வாரிசாக 2015-இல் ஜி29 வந்தது. அதிலும் ஸ்டியரிங்கை இழுத்து அதிர வைக்கும் இரட்டை மோட்டார், அதே மாதிரி சாய்வுப் பல் சக்கரங்கள், அதே 900 டிகிரி சுற்று, அதாவது இரண்டரைச் சுற்று. பட்டன்கள் கூடின, பிரேக் பெடல் கெட்டியானது, ஷிஃப்டரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. வேலை செய்யும் விதத்தில் இரண்டும் அண்ணன் தம்பிதான். தம்பி பிஎஸ்4-இல் ஓடும், அண்ணன் ஓடாது.

காரணம் ஒரு சாவி. 2013-இல் வந்த பிஎஸ்4, தன்னோடு சேரும் கன்ட்ரோலரிடம் அவ்வப்போது ஒரு புதிர் போடும். சோனியிடம் உரிமம் வாங்கிய கருவிக்குள் ஒரு ரகசியச் சாவி, அதாவது ஒரு டிஜிட்டல் குறியீடு, இருக்கும். அதை வைத்துக் கையெழுத்துப் போட்டு பதில் அனுப்ப வேண்டும். உரிமம் இல்லாத கன்ட்ரோலர்கள் சுமார் எட்டு நிமிடத்தில் கழன்றுகொள்வதற்கு இதுதான் காரணம். அதற்கு முன்பே வந்த ஸ்டியரிங்கிடம் 2013-இல் வந்த சாவி எப்படி இருக்கும்? இதே ஜி27-ஐ லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் மாட்டினால், அதன் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் இருக்கிறது. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இந்த இடைவெளியில்தான் பழைய ஸ்டியரிங்குக்கும் கன்சோலுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் அடாப்டர்கள் வருகின்றன. முதலில் கிம்எக்ஸ் என்ற, யாரும் மூலநிரலைப் பார்த்து மாற்றக்கூடிய திறமூல மென்பொருள் வந்தது. நடுவில் ஒரு கணினியை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அப்புறம் டிரைவ்ஹப் மாதிரி உள்ளங்கை அளவுப் பெட்டிகள் வந்தன. இவை செய்யும் வேலையைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. ஜி27-ஐச் செருகியவுடன் அது தன்னைப் பழைய, வெறும் 200 டிகிரி ஸ்டியரிங் என்றுதான் அறிமுகம் செய்துகொள்ளும். அதற்கென உள்ள கட்டளையை அனுப்பினால்தான் 900 டிகிரிக்கு மாறும். அடாப்டர் அந்தக் கட்டளையை அனுப்பி அதை எழுப்புகிறது. கன்சோலிடம் "நான் ஜி29" என்கிறது. கன்சோல் புதிர் போட்டால், பக்கத்தில் ஒயரில் மாட்டியிருக்கும் ஒரிஜினல் கன்ட்ரோலரிடம் அதைக் கொடுத்து பதில் வாங்கித் தருகிறது. இதற்கு நடுவே கேம் அனுப்பும் ஒவ்வொரு அதிர்வையும் இழுப்பையும் பழைய ஸ்டியரிங்குக்குப் புரியும்படி மாற்றி அனுப்புகிறது.

அந்த இழுப்புதான் விஷயமே. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப பாதை 20.8 கிலோமீட்டர். அதில் கருசெல் என்று ஒரு வளைவு உண்டு, கிண்ணம் போல உள்வாங்கிய காங்கிரீட் சரிவு. அடாப்டர் வந்த அன்று ராத்திரி மகள் அந்த வளைவில் காரை இறக்கினாள். காங்கிரீட் பலகைகளின் ஒவ்வொரு இணைப்பும் டக் டக் டக் என்று அவள் மணிக்கட்டில் இடித்தது. ஸ்டியரிங் கையை விட்டு முறுக்கிக்கொண்டு போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தாள். வெளியே ஏறும்போது கனம் சட்டென்று குறைந்ததும், "அப்பா, டயர் பிடி விடுறது கையிலயே தெரியுது!" என்று கத்தினாள். கட்டைவிரலால் கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி ஓட்டுகிறவருக்கு இந்த அனுபவம் கிடைக்காது. 2011-இல் செய்த மோட்டார் அதை அவளுக்குக் கொடுத்தது.

சாவி வைப்பதற்கு கன்சோல் நிறுவனங்கள் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியும். துப்பாக்கிச் சண்டை கேம்களில் அடாப்டரைச் செருகி, குறி பார்ப்பதில் ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையான தொல்லை. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், அங்கீகாரம் இல்லாத கருவிகளைத் தன் எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் தடுக்க ஆரம்பித்தபோது அடாப்டர் வைத்திருந்த பலருக்கும் வயிற்றில் புளி கரைந்தது. ஏமாற்றுகிறவரைத் தடுக்கட்டும், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் தனியாக நேரத்தோடு போட்டி போட்டு ஓட்டுகிறவர் யாரை ஏமாற்றுகிறார்? பழைய ஸ்டியரிங் வைத்திருப்பதால் அவர் வேகமாகிவிடப் போவதில்லை. ஆன்லைன் போட்டிக்கு சாவி கேளுங்கள், தனியாக ஓட்டும்போது விடுங்கள். இந்த வித்தியாசத்தைப் பார்க்க ஒரு கன்சோலுக்குத் தெரியாதா?

மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. பிஎஸ்5 வருவதற்கு முன்பே, 2020 ஆகஸ்டில், சோனி ஒன்றை அறிவித்தது. பிஎஸ்4-இன் சாதாரண கன்ட்ரோலர் பிஎஸ்5 கேம்களுக்குச் செல்லாது, ஆனால் உரிமம் பெற்ற ரேசிங் வீல்கள் (ஸ்டியரிங்குகள்) செல்லும் என்று. அதனால்தான் 2015-இன் ஜி29, 2022-இல் வந்த கிரான் டூரிஸ்மோ 7-ஐ பிஎஸ்5-இல் ஓட்டுகிறது. அது நல்ல முடிவு, மனதாரப் பாராட்டுகிறேன். அதையே ஒரு தலைமுறை முன்னால் செய்திருந்தால் ஜி25, ஜி27, டிரைவிங் ஃபோர்ஸ் ஜிடி என்று எத்தனை பழைய லாஜிடெக் ஸ்டியரிங்குகள் பரண் ஏறாமல் இருந்திருக்கும்! அடுத்த கன்சோல் வரும்போது இன்றைய ஸ்டியரிங்குகளுக்கு என்ன கதி என்பதை இப்போதே எழுதித் தர வேண்டும். பெட்டியின் மேலேயே அச்சடிக்க வேண்டும். மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்குகிறவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

அடாப்டரும் கஷ்டமில்லாத வழி இல்லை. காசு கொடுத்து வாங்க வேண்டும், ஒரு ஒரிஜினல் கன்ட்ரோலர் எப்போதும் அதில் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும், கன்சோலுக்கு அப்டேட் வந்த மறுநாள் மாட்டும்போது மனம் அடித்துக்கொள்ளும். அதனால் வாங்கும் முன் உங்கள் வீலின் மாடல் பெயர் அதன் பட்டியலில் இருக்கிறதா, உங்கள் கேமின் பெயரும் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

என் ஜி27-இல் பிரேக் மட்டும் சில நேரம் தானாகப் பிடித்தது. பெடலைப் பிரித்து, மிதிக்கும் அளவைச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டரில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது முப்பது தடவை அமுக்கி விட்டேன், சரியாகிவிட்டது. பரண் தூசிதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி தூங்கினால் காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை கணினியில் மாட்டி, அது இரண்டு பக்கமும் சுற்றி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மாடல் பெயரையும் கன்சோலையும் கமெண்டில் போடுங்கள், எனக்குத் தெரிந்த வரை வழி சொல்கிறேன்.