சர்வாதிகாரி வேறு, கொடுங்கோலன் வேறு

நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வாங்கிலில் இருந்த பெரியவர் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தம்பி, இந்த நாட்டுக்கு ஒரு நல்ல சர்வாதிகாரிதான் வேணும்" என்றார். விலைவாசி, இலஞ்சம், போதைப்பொருள் என்று அவர் அடுக்கிய குறைகளில் ஒன்றையும் என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அந்த "நல்ல" என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது.

நாங்கள் இரண்டு சொற்களைப் போட்டுக் குழப்புகிறோம். கொடுங்கோல் என்பது ஆள்பவனின் நடத்தையைச் சொல்வது. செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் அதையடுத்துக் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வைத்த திருக்குறள், மன்னன் முறை செய்கிறானா என்றுதான் பார்க்கிறது. சர்வாதிகாரம் என்பதோ, ஆள்பவரிடம் கணக்குக் கேட்கவும், தவணை முடிந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பவும் எவருக்கும் வழியில்லாத ஓர் அமைப்பு. அதற்குள் தங்கமான மனிதர் ஒருவரும் இருக்கலாம்.

பழைய உரோமர்கள், ஆபத்துக் காலத்தில் ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் கொடுத்தாலும், கூடியது ஆறு மாதம் என்று எல்லை போட்டார்கள். அந்த எல்லையைச் சுல்லா என்ற தளபதி உடைத்தார், கி.மு. 44 இல் யூலியஸ் சீசர் ஆயுட்காலச் சர்வாதிகாரியானார். பதவியின் பெயர் மாறவில்லை, முடிவுத் திகதிதான் காணாமற் போனது.

எங்கள் நாட்டிலும் அந்தத் திகதியில் கைவைத்தார்கள். 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி மேலும் ஆறு வருடம் நீட்ட, 1982 டிசம்பர் 22 இல் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. நீட்டலாம் என்பவர்களுக்கு விளக்கு, வேண்டாம் என்பவர்களுக்குக் குடம். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்கே புள்ளடி போட்டார்கள். நாடு முழுவதிலும் விளக்கு 55 வீதத்தைக்கூட எட்டாமலே வென்றது. தமது கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களையும் ஜனாதிபதி ஜெயவர்த்தனா முன்னரே வாங்கி வைத்திருந்தார். இருந்தும் அவரை முழுச் சர்வாதிகாரி என்று எழுத நான் தயங்குகிறேன், ஏனெனில் தவணை முடிந்து 1989 சனவரியில் அவர் இறங்கிப் போனார். ஆனால் அந்தப் பாதையில் எவ்வளவு தூரம் சட்டப்படியே போகலாம் என்பதைக் காட்டிவிட்டுத்தான் போனார்.

பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அடுத்த முறை கண்டால், அன்றைக்கு அவர் விளக்குக்கா குடத்துக்கா புள்ளடி போட்டார் என்று கேட்க வேண்டும்.