கடலுக்கடியில் ஏறும் எச்.ஆர்.வி.

அந்தமானில் ஸ்கூபா முடித்த நண்பர் ஒருவர் கைக்கடிகாரத்தின் திரையைப் படமெடுத்துப் போட்டிருந்தார். இதயத் துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எச்.ஆர்.வி. எண் வழக்கத்தைவிட எகிறியிருந்தது. "ஆழ்கடலில் தியான நிலை" என்று தலைப்பு வேறு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

இதயம் நிமிடத்துக்கு 60 முறை துடித்தாலும் நொடிக்கு ஒன்று என்று அளந்து துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கும், விடும்போது விலகும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் எச்.ஆர்.வி. தரையில், ஓய்வில், அது கூடினால் இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு நன்றாக இயங்குகிறது என்று கொள்ளலாம்.

தண்ணீருக்குள் கதையே வேறு. கழுத்தளவு நீரில் நின்றாலே கால் பக்கத்து ரத்தத்தில் ஏறக்குறைய 700 மில்லிலிட்டர் மார்புக்கு ஏறிவிடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 மடங்கு. சிலிண்டரில் இருப்பது வெறும் காற்றுதான் என்றாலும் ஆக்சிஜனின் பகுதியழுத்தமும் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 4 மடங்காகிறது. அது துடிப்பைக் குறைக்கும். முகத்தில் படும் குளிர்நீரும் அப்படியே. (திடீரென இதயம் படபடக்கும் சிலருக்கு முகத்தில் பனிக்கட்டி நீரை வைத்தே மருத்துவர்கள் அதை அடக்குவதுண்டு.) எல்லாம் சேர்ந்து வேகஸைத் தூண்டுகின்றன. எண் ஏறுவதற்கு மனம் அடங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதே நேரத்தில் குளிரின் அதிர்ச்சியும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் உழைப்பும் பயமும் துடிப்பை முடுக்குகின்றன. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக மிதித்த நிலை. இந்த மோதலே இதயத்தின் தாளத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்கக்கூடும் என்று ஷாட்டாக், டிப்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். அதற்கு வெகுமுன்பே, 1960களில், மூச்சடக்கி மூழ்கும் கொரியப் பெண்களின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தபோது, கோடையைவிடக் குளிர்காலத்தில்தான் தாளம் தப்பிய துடிப்புகள் அதிகம் தெரிந்தன. அனுபவசாலிகளுக்கே அந்தக் கதி!

என்னை உறுத்துவது இதுதான்: தாளம் தப்பிய துடிப்புகளைச் சலித்து நீக்காவிட்டால் எச்.ஆர்.வி. எண் தாறுமாறாக ஏறும். அதாவது, இதயம் தடுமாறியதைக்கூடத் திரை "அருமை" என்று காட்டலாம். போதாக்குறைக்கு, குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிட்டால் மணிக்கட்டில் ஒளி பாய்ச்சி அளக்கும் கருவி துடிப்பையே சரியாகப் பிடிக்காது.

படம் போட்ட நண்பருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, ரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. இறங்குவதற்கு முன் நீட்டப்பட்ட மருத்துவப் படிவத்தில் என்ன நிரப்பினார் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் செய்தாராம்.