பழைய ஆள், புதிய ஸ்டிக்கர்

டெக்சஸில் இதே மருத்துவமனையில், இதே நான்காவது மாடியில், ஏஜென்சி மூலமாக 13 வார ஒப்பந்தத்தில் மூன்று முறை நர்ஸாக வேலை பார்த்தவள் நான். முதல்முறை வந்தபோது காலையில் மருந்து அலமாரியைக் காட்டினார்கள். மதியமே ஐந்து நோயாளிகளைத் தலையில் கட்டினார்கள். அன்றைக்கு என் திறமையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்போது நிரந்தர வேலை. உடனே கைக்குழந்தை ஆகிவிட்டேன்! கை கழுவுவது எப்படி என்று ஒரு வீடியோ. தீயணைப்பானைப் பிடிப்பது எப்படி என்று இன்னொன்று. முடிவில் பரீட்சை வேறு. ஆறு வாரம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு வழிகாட்டி நிற்பாளாம். நரம்பில் மருந்து ஏற்றும் ஐவி பம்ப் விடாமல் கத்தினால் குழாயில் காற்றுக்குமிழியைத் தேடு என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்!

வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஏஜென்சி வரியில்லாமல் தந்த படிப்பணம் போயிற்று. போகட்டும், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டால் சீனியாரிட்டி இல்லையாம். அப்படியானால் அந்த 39 வாரம் இங்கே என்ன, சுற்றுலாவா வந்திருந்தேன்?

அடையாள அட்டையில் புகைப்படம்கூடப் பழையதுதான். அதன் கீழே பச்சை ஸ்டிக்கர்: ‘நான் புதியவள், உதவுங்கள்.’