பி.டி.எஃப். இறக்கி வைத்தால் புத்தகச் செலவு குறைந்துவிடுமா?

கல்லூரி திறக்கிற நேரம் வந்தால் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மாணவர் வாட்ஸப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "அண்ணா, ஃபர்ஸ்ட் செம் புக் பி.டி.எஃப். இருக்கா?" (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்.) அரைமணி நேரத்தில் ஃபைல்கள் வந்து குவியும். யாரோ ஸ்கேன் செய்த திருட்டுப் பிரதி கொஞ்சம், பாடத்திட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாதது கொஞ்சம். செமஸ்டர் பாதி போனதும் அதே பிள்ளைகள் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பஸ் ஏறிப் போய் கைடு வாங்கி வருவார்கள்.

2024-இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தது. சீனியர் அக்காவிடம் பாதி விலைக்குப் புத்தகம் வாங்குகிற பழைய வழி அதோடு குறுகிவிட்டது. பாடத்திட்டம் மாறிவிட்டதால் பேப்பரின் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே மாட்யூல், அதாவது பாட அலகு, வேறாக இருக்கும்.

திறந்த கல்வி வளங்கள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் பகிரவும் உரிமம் தந்திருக்கும் பாடநூல்களும் பாடப்பொருள்களும், இந்தச் செலவைக் குறைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாணவர் தேடி இறக்குவதால் குறையாது. துறை ஆசிரியர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு மாட்யூலுக்கும் நேரே எந்த நூல், எந்த அத்தியாயம், எத்தனையாம் பக்கம் முதல் எத்தனையாம் பக்கம் வரை என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தால்தான் குறையும். ஒரு பேப்பருக்கு இரண்டு மூன்று பிற்பகல் பிடிக்கும் வேலை. அதைச் செய்யாமல் 'இணையத்தில் எல்லாம் இலவசமாக இருக்கிறதே' என்று சொல்வது, சந்தையைக் காட்டி 'சாப்பிட்டுக்கோ' என்று சொல்வது போல.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இலவசம் வேறு, திறந்த உரிமம் வேறு. என்.சி.இ.ஆர்.டி. பாடநூலை யாரும் இலவசமாக இறக்கலாம். ஆனால் பதிப்புரிமை அவர்களிடமே இருக்கிறது, மாற்றி எழுதி வெளியிட முடியாது. திறந்த உரிமம் என்றால் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ்: தன் படைப்பை மற்றவர் என்னென்ன செய்யலாம் என்று எழுதியவரே முன்கூட்டிச் சொல்லிவிடும் உரிம வகைகள். அதில் 'பி.ஒய்.' மட்டும் இருந்தால் பெயர் போட்டுவிட்டு எதையும் செய்யலாம்: வெட்டலாம், சேர்க்கலாம், தமிழாக்கலாம். 'என்.சி.' இருந்தால் வணிகம் கூடாது. 'எஸ்.ஏ.' இருந்தால் நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் விட வேண்டும். 'என்.டி.' இருந்தால் மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது. மொழிபெயர்ப்பும் அதில் அடக்கம், ஆக நமக்கு அது உதவாது. இரண்டு நூல்களைக் கலக்கும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள்: 'பி.ஒய்.எஸ்.ஏ.' பகுதியையும் 'பி.ஒய்.என்.சி.எஸ்.ஏ.' பகுதியையும் உருக்கி ஒரே பாடமாக எழுத முடியாது. தனித்தனி அத்தியாயமாக வைத்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் அதனதன் உரிமத்தை எழுதுங்கள். லிப்ரெடெக்ஸ்ட்ஸ் போன்ற திறந்த பாடநூல் தளங்களில் பக்கத்துக்குப் பக்கம் உரிமம் மாறும். முகப்பை மட்டும் பார்த்துவிட்டு எடுக்காதீர்கள்.

பெயர் போடுவது என்றால் நான்கு விஷயம்: தலைப்பு, எழுதியவர், எடுத்த இடம், உரிமம். மாற்றியிருந்தால் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி.

இயற்பியலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் பாடநூல்களை வெளியிட்டு வருகிறது. அதன் யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ் மூன்று தொகுதி. நிலைமின்னியல் வேண்டுமானால் இரண்டாம் தொகுதியின் 5 முதல் 8 வரை உள்ள அத்தியாயங்கள்: மின்புலம், காஸ் விதி, மின்னழுத்தம், மின்தேக்கி. சுமார் 200 பக்கம். பக்கத்துக்கு ஒரு ரூபாய், ஸ்பைரலுக்கு 40 என்று வைத்துக்கொண்டாலும் 240 ரூபாயில் ஒரு பேப்பரின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். முழுத் தொகுதியையும் அச்சடித்தால் அந்தச் சிக்கனம் எல்லாம் போட்டோஸ்டாட் கடைக்குத்தான். ஆனால் ஒன்று: டைவர்ஜென்ஸ், கர்ல் என்று வெக்டர் நுண்கணிதத்துக்குப் பாடத்திட்டம் போகும்போது இந்த நூல் கைவிட்டுவிடும். அது விதிகளைத் தொகையீட்டு (இன்டெக்ரல்) வடிவத்தோடு நிறுத்திக்கொள்கிற முதலாண்டு நூல். மேல் செமஸ்டருக்கு அதையே ஒட்டவைக்கப் பார்க்கக் கூடாது, ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் தரும் என்.பி.டெல். காணொளி விரிவுரையும் நூலகத்தில் இருக்கும் அச்சுப் புத்தகமும்தான் துணை.

பக்க எண்ணில் எப்போதும் ஒரு தவறு நடக்கும். நூலில் அச்சான பக்க எண் ஒன்று, பி.டி.எஃப். திரையில் காட்டும் எண் இன்னொன்று. முன்னுரைப் பக்கங்கள் அளவுக்கு வித்தியாசம் வரும். தாளில் இரண்டையும் எழுதுங்கள். அதைவிட நல்லது, பி.டி.எஃப்.சாம் போன்ற இலவச மென்பொருளில் தேவையான பக்கங்களைத் தனியே வெட்டி, பேப்பர் கோடும் மாட்யூல் எண்ணும் பெயராக வைத்துச் சேமிப்பது. மாணவரின் போனிலும் இடம் மிஞ்சும்.

அச்சில் வரும் தொல்லை வேறு. இந்த நூல்கள் வண்ணத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. கறுப்பு வெள்ளையில் சிவப்பு அம்பும் நீல அம்பும் ஒரே சாம்பலாகிவிடும். விசை எது, திசைவேகம் எது என்று தெரியாது. அந்த ஏழெட்டுப் பக்கத்தை மட்டும் கலரில் எடுத்து நடுவே செருகுங்கள். இரண்டு பக்கத்தை ஒரே பக்கமாகச் சுருக்கினால் செலவு பாதியாகும். கீழ்க்குறி எண்கள் படிக்க முடியாமல் போகும். மொழிப் பாடத்துக்குச் சரி, சூத்திரம் உள்ள பாடத்துக்கு வேண்டாம்.

பொருளியல், சமூகவியல் பக்கம் போனால் உதாரணங்கள் எல்லாம் டாலரும் ஃபெடரல் ரிசர்வும். இங்கேதான் உரிமத்தின் உண்மையான பயன். 'பி.ஒய்.' நூலாக இருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு ரிசர்வ் வங்கியையும் சித்தூர் நெல் கொள்முதலையும் வைக்கலாம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் புதிய பாடத்திட்டத்தில் ஐந்தாவது மாட்யூலை ஆசிரியரே அமைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. திறந்த வளத்தை அங்கிருந்து தொடங்குவதுதான் சுலபம் என்பேன். 

தமிழ் இலக்கியம் படிப்பவர்கள் நிலைமை இன்னும் நல்லது; அது அவர்களுக்கே பல சமயம் தெரிவதில்லை. சங்க நூல், காப்பியம், நன்னூல் மூலங்கள் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச இணையத் தொகுப்பில் கிடக்கின்றன. நாட்டுடைமையான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் உண்டு. உரைதான் சிக்கல். மூலம் பொதுச்சொத்து என்பதால் இன்றைய உரையும் பொதுச்சொத்து ஆகிவிடாது. இந்தியச் சட்டப்படி எழுதியவர் மறைந்த பின் 60 ஆண்டு வரை பதிப்புரிமை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய ந.மு. வேங்கடசாமி நாட்டார் 1944-இல் மறைந்தார். அந்த உரையைத் தாராளமாக அச்சடிக்கலாம். பாடபேதம் வரும் இடங்களில் பாடத்திட்டம் சொல்லும் பதிப்போடு ஒப்பிட்டுக் குறித்துவிடுங்கள்.

பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்து ஏற்றும் விக்கிமூலம் தளத்தில் எடுக்கும்போது பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை. மஞ்சள் ஒருவர் பார்த்தது. பச்சை இன்னொருவரும் சரிபார்த்தது. பழைய அச்சுகளை எழுத்துணரி மென்பொருள் படிக்கும்போது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை வடிவங்களில்தான் அதிகம் தடுக்கும். துணைக்காலும் 'ர'வும் ஒன்றோடொன்று மாறுவது அதற்கு அடுத்தது. யாப்பு நடத்தும் பக்கத்தில் இந்தப் பிழை இருந்தால் அசை பிரிப்பே தப்பாகிவிடும்.

'டெல்லியில் ஜெராக்ஸ் கேஸ் ஜெயிச்சாச்சே, எதையும் காப்பி எடுக்கலாம்' என்று ஒரு பேச்சு உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக நகல் கடை மீது பதிப்பகங்கள் போட்ட வழக்கு அது. 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது கற்பித்தலுக்காகப் பாடத்தொகுப்பு நகலெடுப்பதைப் பற்றி, பதிப்புரிமைச் சட்டம் 52(1)(i) பிரிவின்படி. வகுப்புக்கு அது பெரிய பாதுகாப்புதான். அதைக் காட்டி இன்னொருவர் புத்தகத்தை இணையத்தில் ஏற்றவோ மொழிபெயர்த்து வெளியிடவோ முடியாது.

பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்து வரும் பிள்ளைகளுக்கு விலையைவிட ஆங்கிலம்தான் பெரிய சுவர். முழு நூலையும் தமிழாக்க யாருக்கும் நேரமில்லை. ஆனால் மாட்யூலுக்கு நாற்பது கலைச்சொல் எடுத்து, ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், ஒரு வரி விளக்கம் என்று இரண்டு பக்கம் போட்டு ஸ்பைரலின் முதலில் வைக்கலாம். தமிழ்ச் சொல் அவர்கள் பள்ளிப் பாடநூலில் படித்த சொல்லாகவே இருக்கட்டும். புதிதாக ஆக்கிய அழகான சொல்லைக் கொடுத்தால் அதற்கு இன்னொரு அகராதி வேண்டும். கணினிப் பாடத்துக்கு மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ்க் குரலிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றும் பத்து நிமிஷம் அளவு.

கடைசியாகக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பது. ஆசிரியரின் சொந்த டிரைவில் வைத்தால் அவருக்கு மாற்றல் வந்ததும் லிங்கும் மூட்டை கட்டிவிடும். துறைப் பெயரில் ஒரு கணக்கு, நூலகக் கணினியில் ஒரு பிரதி. பி.டி.எஃப். மட்டும் போதாது, திருத்தக்கூடிய மூலக் கோப்பும் யூனிகோடு எழுத்துருவில் கூடவே இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் ஒரு மாட்யூல் மாறினால்கூட முதல் பக்கத்திலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.