ஸ்டார்ட்டரை மாற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள்

பழைய வேகன் ஆர் காரில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, ஸ்டீயரிங்கும் கனத்தால் ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ரேக்கையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

அடுத்தடுத்துக் கேட்கும் 'டிக் டிக்' பெரும்பாலும் பேட்டரியின் சக்தி குறைந்ததன் அறிகுறி, அல்லது வயர் இணையும் பேட்டரி முனையில் (டெர்மினல்) பூத்த வெள்ளைப் பொடியின் வேலை. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி மல்டிமீட்டரில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பும்போது அது 9.6க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். பாடியில் இணையும் எர்த் வயரையும் கழற்றித் துடையுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஹெட்லைட் மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால்தான் ஸ்டார்ட்டர்மீது சந்தேகப்படலாம்.

இந்த வண்டியின் பவர் ஸ்டீயரிங் மின்சாரத்தில் இயங்குவது. மின்னழுத்தம் குறைந்தால் அதன் உதவி நின்று ஸ்டீயரிங் கனக்கும். ஓடும் இன்ஜினில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரவில்லையென்றால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதை ஓட்டும் பெல்ட்டையும் பாருங்கள். டயரில் காற்று குறைந்தாலும் ஸ்டீயரிங் கனக்கும், அதையும் பாருங்கள்.

திருப்பும்போது 'டொக்' என்று அடித்தாலோ ஸ்டீயரிங் ஆடினாலோ அது வேறு விஷயம்: ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டை உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அதுவரை ஓட்டாதீர்கள்.