சாய்மானம்

(ஞாயிற்றுக்கிழமை காலை. சோபாவில் ஏழு தலையணைகள். நடுவே அஞ்சரை மாசக் குழந்தை. எதிரே ஒரு கையில் நோட்டும் மறு கையில் செல்போனுமாக மாப்பிள்ளை. மாமியார் வருகிறார். முப்பது வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவர். மாப்பிள்ளையை நேருக்கு நேர் திட்டக் கூடாது என்பதில் உறுதியானவர். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் பேரனிடம் சொல்லிவிடுவார்.)

மாப்பிள்ளை: ஒண்ணு... ரெண்டு... மூ... போச்சு!

மாமியார்: யாரு கண்ணு உன்னை மூட்டைக்கு நடுவுல அடுக்கினது? வெள்ளம் வருதாமா?

மாப்பிள்ளை: உக்காரப் பழக்குறேன் அத்தை. நோட்டுல பாருங்க. 7:10, மூணு செகண்ட், இடப்பக்கம் சாஞ்சான். 7:16, ரெண்டு செகண்ட், வலப்பக்கம். 7:25, தலையணை சாஞ்சுது. இவன் சாயலை.

மாமியார்: அப்பா தலையணைக்கு நல்லாப் பழக்கிட்டார்டா.

மாப்பிள்ளை: மாடி வீட்டுக் குழந்தை உக்காந்துருச்சு அத்தை. ரெண்டும் ஒரே வாரத்துல பொறந்ததுங்க. நான் ஆபீஸ்ல தினம் எட்டு மணி நேரம் உக்கார்றவன், பதினஞ்சு வருஷ சர்வீஸ். என் பையன் மூணு செகண்ட் உக்கார மாட்டேங்கிறான்.

மாமியார்: அந்த செல்போன்ல என்ன போட்டிருக்குன்னு கேளு கண்ணு.

மாப்பிள்ளை: உலக சுகாதார நிறுவனம் 2006-ல வெளியிட்ட கணக்கு. பிடிமானம் இல்லாம உக்கார 3.8 மாசத்துலேருந்து 9.2 மாசம் வரைக்கும் ஆகலாமாம்.

மாமியார்: அப்ப உனக்கு இன்னும் மூணரை மாசத்துக்கு மேலயே இருக்கே! பரீட்சைக்கு இவ்வளவு நாள் இருக்கறப்போ உங்கப்பா புத்தகத்தைத் தொட்டிருப்பாராடா?

மாப்பிள்ளை: (முனகலாக) நான் அந்த 3.8-ஐத்தான் பார்த்தேன்.

மாமியார்: இதையெல்லாம் பிள்ளைத்தமிழ்ல எப்பவோ பாடி வச்சுட்டாங்க மாப்பிள்ளை. அஞ்சாம் மாசம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, ரெண்டு கையையும் தரையில ஊனி, தலையை நிமிர்த்தி ஆட்டும். ஒன்பதாம் மாசம் சப்பாணி.

மாப்பிள்ளை: (பதறி) சப்பாணியா? நடக்க முடியாதவங்களையில்ல அப்படிச் சொல்லுவாங்க?

மாமியார்: இங்கே கைகொட்டறதுன்னு அர்த்தம். பாருங்க, அஞ்சாம் மாசம் கையைத் தரையில ஊன்றி நின்ன குழந்தை, ஒன்பதாம் மாசம் கையை எடுத்துத் தட்டுது. உக்காந்து கை தட்டணும்னா முதுகு தன்னால நிக்கணுமில்ல? அந்த நாலு மாசம் முதுகுக்கான அவகாசம். தலையணைக்கு இல்லை.

(மாப்பிள்ளை நோட்டில் "கை தட்டுதல்" என்று எழுதி, அடிக்கோடு போடுகிறார். எதற்கென்று அவருக்கே தெரியாது.)

மாப்பிள்ளை: அப்ப ஒரு குட்டி நாற்காலி ஆர்டர் பண்ணியிருக்கேனே? உள்ளே வச்சா ஆடாம அசையாம உக்காந்திருக்குமாம்.

மாமியார்: நாற்காலி உக்காந்திருக்கும். இவன் அதுல சொருகியிருப்பான். முதுகு செய்ய வேண்டிய வேலையை அது செஞ்சா, முதுகு எதுக்குப் பழகணும்? போதாக்குறைக்கு அதை மேஜை மேல வேற தூக்கி வச்சிருவீங்க.

மாப்பிள்ளை: (அதைத்தான் நினைத்திருந்தார்) சே சே.

மாமியார்: சோபாவும் வேண்டாம், தலையணையும் வேண்டாம். புரண்டு முகம் புதைஞ்சா மூச்சுக்கு என்ன பண்ணுவான்? கீழே பாயை விரிச்சு, காலை அகட்டி நீங்க உக்காருங்க. நடுவுல இவன். எட்டுற தூரத்துல ஒரு பொம்மை.

மாப்பிள்ளை: (உட்கார்ந்து) பின்னாடி சாஞ்சா?

மாமியார்: உங்க வயித்துல சாய்வான். நல்ல மெத்தைதான். முன்னால விழுந்தா கையை ஊன முதல்ல பழகிக்குவான், அப்புறம் பக்கவாட்டுல. பின்னால ஊனறது கடைசியிலதான் வரும். அதான் பின்பக்கம் உங்க டியூட்டி.

(குழந்தை குனிந்து இரண்டு கையையும் பாயில் ஊன்றுகிறது. தலை லேசாக ஆடுகிறது. பொம்மையை விட்டுவிட்டு நோட்டின் ஓரத்தை வாயில் வைக்கப் பார்க்கிறது. அப்படியே மெல்லப் பக்கத்தில் சரிகிறது.)

மாப்பிள்ளை: செங்கீரை! அத்தை, செங்கீரை! நாலு செகண்ட்!

மாமியார்: போதும், விடுங்க. கழுத்தும் முதுகும் பலப்படணும்னா குப்புறப் போட்டு விளையாட விடுங்க. முழிச்சிருக்கறப்போ மட்டும், பக்கத்துலயே இருந்துக்கிட்டு, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை, மூணு அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சு, போகப் போகக் கூட்டுங்க. தூங்க வைக்கறப்போ மல்லாக்கத்தான். ஒன்பது மாசம் தாண்டியும் உக்காரலைன்னா, இல்லை உடம்பு துவண்டோ விறைச்சோ தெரிஞ்சா, டாக்டர்கிட்ட காட்டணும். மாடி வீட்டுல விசாரிக்கக் கூடாது.

மாப்பிள்ளை: குப்புறப் போட்டா அழறானே?

மாமியார்: எதிர்ல யாராவது படுத்து முகத்தைக் காட்டினா அழ மாட்டான்.

(மாப்பிள்ளை குப்புறப் படுக்கிறார். குழந்தை மார்பைத் தூக்கி, கழுத்தை நிமிர்த்தி அப்பாவைப் பார்க்கிறது. அப்பாவும் கழுத்தை நிமிர்த்துகிறார். 'மளுக்' என்று ஒரு சத்தம்.)

மாப்பிள்ளை: அத்தை...

மாமியார்: சொல்லுங்க மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: முதுகு பிடிச்சுக்கிச்சு.

மாமியார்: பதினஞ்சு வருஷ சர்வீஸ்னீங்க?

மாப்பிள்ளை: அதெல்லாம் சாய்மானம் உள்ள நாற்காலி அத்தை!

(மாமியார் அவரைப் புரட்டி, கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கிறார். கையை விட்டதும் வலப்பக்கமாகச் சரிகிறார். சோபாவிலிருந்து ஏழு தலையணைகளும் இறங்கி வருகின்றன. முட்டுக் கொடுத்து முடித்ததும், குழந்தையின் எச்சிலில் ஊறிய நோட்டை எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார்.)

மாமியார்: 8:05... அப்பா... மூணு செகண்ட்... வலப்பக்கம்.