சைலன்சருக்குக் காசு இருக்கிறது, பிரேக் ஆயிலுக்கு இல்லையா?

பழைய பைக் ஒன்று வாங்கலாம் என்று சில மாதங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கே போனாலும் ஒரே வசனம்தான்: "வண்டி பக்கா கண்டிஷன் ப்ரோ, ஃபுல்லா அப்கிரேட் பண்ணியிருக்கேன், ஏறி ஓட்ட வேண்டியதுதான்." சரி, என்ன அப்கிரேட்? தெருவே திரும்பிப் பார்க்கிற சைலன்சர். எதிரில் வருபவர் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை லைட். கம்பெனி கொடுத்ததைவிட இரண்டு சைஸ் பெரிய பின் டயர். ஹேண்டில் பார் நுனியில், உள்ளங்கை அளவுகூட இல்லாத கண்ணாடி. பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் மட்டும், "அது எதுக்கு ப்ரோ, பிரேக் நல்லாத்தானே பிடிக்குது" என்கிறார்கள்.

எதுக்கா? பெரும்பாலான பைக்குகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 வகை ஆயில் நாளாக ஆக ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் காலிப்பர் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) சூடாகி, உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். லீவரை இழுத்தால் அது ஹேண்டில் வரை வந்துவிடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி மேனுவல்களில் போட்டிருப்பது இதற்காகத்தான். பிரேக் லீவருக்குப் பக்கத்தில் ஆயில் நிற்கும் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தாலே போதும். புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். நான் பார்த்த வண்டிகளில் அந்த ஜன்னல் கருத்துக் கிடக்கிறது. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, பளபளக்கும் கலர் லீவர்!

டயர் கதை இன்னும் மோசம். "பட்டன் அப்படியே இருக்கு பாருங்க" என்று நகத்தால் தேய்த்துக் காட்டுகிறார்கள். பட்டன் இருக்கட்டும், வயசு என்ன? டயரின் பக்கச் சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகும், வெயிலிலும் காற்றிலும் வெடிப்பு விடும். இறுகிப்போன ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது, அதில் எத்தனை மில்லிமீட்டர் பட்டன் மிச்சம் இருந்தாலும் சரி. அந்த எண்ணைக் குனிந்து படித்தாலே விற்பவருக்கு முகம் மாறுகிறது. "நீங்க ரொம்ப டெக்னிக்கலா பார்க்கிறீங்க" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். தரையைத் தொடுகிற இடம் அது ஒன்றுதான் ஐயா, அதைப் பார்க்காமல் டேங்க் ஸ்டிக்கரையா பார்ப்பேன்?

இன்னொரு பழக்கமும் எனக்கு எரிச்சல். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், நான் வரும்வரை வண்டியைத் தொடாதீர்கள் என்று போனில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். போய்க் கை வைத்தால் எஞ்சின் சுடுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குத் திணறுவதும், புகை தள்ளுவதும், டைமிங் செயின் சலசலப்பதும் சூடான எஞ்சினில் மறைந்துவிடும் என்று தெரிந்துதானே இப்படிச் செய்கிறார்கள்? மீட்டரில் ரீடிங் கொஞ்சம்தான், ஆனால் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, பிரேக் பெடலில் இருந்த வரி அழிந்திருக்கிறது. எதை நம்புவது? முன்பக்கம் அடி வாங்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறார் ஒருவர். ஹேண்டிலை முழுசாகத் திருப்பி, அது ஃப்ரேமில் முட்டி நிற்கும் இடத்தைப் பார்த்தால் இரும்பு நசுங்கியிருக்கிறது. வண்டி பலமாக எங்கேயோ மோதினாலோ விழுந்தாலோதான் அந்த இடம் அப்படி நசுங்கும். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி நிற்கிறது, ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. மேலே போட்ட புது பெயின்ட் பற்றிய பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

இப்போது சைலன்சர். இதைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் வண்டியைக் கெடுப்பதில் முதல் இடம் இதற்குத்தான். புகைபோக்கியைத் திறந்துவிட்டால் பவர் கூடும் என்று யாரோ சொன்னதை எல்லோரும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கார்பரேட்டர் வண்டியில் சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைத் தொடாமல் விட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடும். எஞ்சின் அதிகம் சூடாகும், ஆக்சிலரேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கும். அந்த வெடிச் சத்தத்தைத்தான் இவர்கள் "செமையா இருக்குல்ல" என்று ரசிக்கிறார்கள். கூடவே ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டியிருந்தால் முடிந்தது கதை. இஞ்செக்‌ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் ஓரளவு ஈடுகட்டும், ஆனால் எல்லா வேகத்திலும் அல்ல. முழுசாக ஆக்சிலரேட்டரைத் திருகும்போது பெரும்பாலும் அந்தச் சென்சார் சொல்வதைக் கேட்காமல் முன்கூட்டியே எழுதிவைத்த கணக்கில்தான் பெட்ரோல் போகும். அந்தக் கணக்கு பழைய சைலன்சருக்காக எழுதியது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பழைய சைலன்சருக்குள் இருந்தால் அதுவும் அதோடு போய்விட்டது, அந்தப் புகையைப் பின்னால் வருகிறவர்கள் சுவாசிக்க வேண்டும். விடியற்காலையில் தூங்குகிற குழந்தைகளும் நோயாளிகளும் இந்தச் சத்தத்துக்கு என்ன பாவம் செய்தார்கள்?

ஒரிஜினல் சைலன்சர் எங்கே என்று கேட்டேன். "அதை அப்பவே பழைய இரும்புக்குப் போட்டாச்சு." இவ்வளவு அலட்சியமா! அந்த வண்டிக்கென்றே வடிவமைத்து, அந்த எஞ்சினோடு ஆயிரக்கணக்கான மணி நேரம் சோதித்து மாட்டிய பொருள் அது. மாற்றுவது உங்கள் விருப்பம். கழற்றியதைப் பத்திரமாக வைத்திருந்தால் அடுத்தவர் திரும்ப மாட்டிக்கொள்வார் இல்லையா?

லைட்டும் இதே ரகம்தான். ஹாலஜன் பல்புக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில், அந்தச் சின்ன இழை எந்தப் புள்ளியில் எரியும் என்று கணக்குப் போட்டுத்தான் உள்ளே இருக்கும் வளைவை அமைக்கிறார்கள். அதில் ஏதோ ஒரு எல்இடி பல்பைச் செருகினால் ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்பும், வெளிச்சத்தை மேலே போகவிடாமல் நிறுத்தும் வெட்டுக் கோடு கலையும். வண்டிக்கு முன்னால் பத்தடி பளீரென்று இருக்கும், தூரத்தில் இருட்டு, எதிரில் வருபவருக்குக் கண் குருடு. வெளிச்சம் போதவில்லை என்றால் முதலில் எர்த் வயரைச் சுத்தம் செய்யலாம், ஒரு ரிலே (சின்ன மின் ஸ்விட்ச்) போட்டு பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுக்கலாம், லைட்டின் கோணத்தைச் சரி செய்யலாம். அதே பல்பு நன்றாக எரியும். இதைச் செய்து தருகிற கடையைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது கஷ்டம்.

அகல டயர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 140 அகல டயர் பொதுவாக 3.5 இஞ்சுக்குக் குறையாத ரிம்மை எதிர்பார்க்கிறது. 2.5 இஞ்ச் ரிம்மில் அதை அடித்து ஏற்றினால் ஓரங்கள் இறுகி, நடுப்பகுதி மேடாகிவிடும். பார்வைக்குப் பெரிசு, தரையைத் தொடுவது சரியான வடிவத்தில் இல்லை. வண்டி வளைவில் இறங்க மறுக்கும், எடை கூடும், சில வண்டிகளில் செயினோடும் உரசும்.

கோபம் விற்பவர் மேல் மட்டும் இல்லை. வண்டி வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் ஆளாளுக்குக் கொடுக்கிற பட்டியலும் அப்படித்தான் இருக்கிறது. கிராஷ் கார்டு போடு, ஃபாக் லைட் போடு, வைசர் போடு. ஃபோர்க் ஆயில் மாற்று என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த ஆயிலும் நாள்பட நாள்பட அழுக்கேறி, குதிப்பதை அடக்கும் தன்மையை இழக்கும். பல வண்டிகளில் பின் ஷாக்கில் பிரீலோடு (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) மாற்ற ஒரு வளையம் இருக்கிறது, அதைத் திருப்பும் ஸ்பேனர் பெரும்பாலும் டூல் கிட்டிலேயே கிடக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் தன் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்க வேண்டும். அதை அளந்து சரிசெய்யச் செலவே இல்லை. நான் சொல்கிற அப்கிரேட் இதுதான்: நல்ல டயர், புது பிரேக் பேட், எஃகு வலை போட்ட பிரேக் ஹோஸ், புது கோன் செட், ஃபோர்க் ஆயில். செயின் செட்டைப் பார்க்க, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பகுதியில் செயினைப் பின்னால் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் முன்னும் பின்னும் சேர்த்து முழு செட்டாக மாற்றுங்கள். பிக்கப் வேண்டுமா, அதற்கும் வழி அங்கேயே இருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டில் 15, பின்னால் 45 பல் இருக்கும் வண்டியில் முன்னால் ஒரு பல் குறைத்தால், பின்னால் மூன்று பல் கூட்டியதற்குக் கிட்டத்தட்டச் சமம். சைலன்சர் தருவதாகச் சொல்லும் இழுவையை இந்தச் சின்னப் பல் சக்கரம் உண்மையிலேயே தரும், டாப் ஸ்பீடு மட்டும் கொஞ்சம் குறையும்.

நண்பர் ஒருவர் எடுத்த பழைய வண்டியில் ஃபோர்க் சீல் கசிந்து, ஆயில் வழிந்து டிஸ்க் வரை வந்துவிட்டது. பட்டறைக்குக் கொண்டுபோனால் துணியால் துடைத்துவிட்டு, "இது எல்லா வண்டியிலயும் வர்றதுதான், அதை விடுங்க, புதுசா டிஆர்எல் லைட் செட் வந்திருக்கு, மாட்டிடலாமா?" என்று கேட்டார்கள். ஆயில் பட்ட பிரேக் பேட் பிடிக்காது. இதைத் தொழிலாக வைத்திருப்பவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஆனால் எனக்கு உண்மையாகவே பொறுக்க முடியாமல் போனது போன வாரம் பார்த்த வண்டிதான். சைலன்சர், லைட், கூடுதல் ஹாரன் எல்லாம் உண்டு, ஸ்விட்சிலிருந்து நேராக வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தது. ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கேட்டால், "வீலிங் பண்றப்போ தொந்தரவா இருந்துச்சுன்னு ஃபியூஸைப் பிடுங்கிட்டேன் ப்ரோ" என்கிறார் சாதாரணமாக. 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் முதன்முதலில் வந்த காலத்தில் விலை கூடின வண்டிகளுக்கு மட்டுமே கிடைத்த வசதி, இன்று சாதாரண வண்டிக்கும் வந்திருக்கிறது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த வண்டியை என்னிடம் அப்கிரேட் என்று கூடுதல் விலைக்கு விற்கப் பார்க்கிறார். என் பின்னால் என் வீட்டு ஆள் உட்கார்ந்து வரப்போகிற வண்டி அது.

பைக் விற்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் மாட்டிய எதற்கும் நான் தனியாகக் காசு தரமாட்டேன், அவற்றைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டயர் எந்த வருடம், பிரேக் ஆயில் எப்போது மாற்றியது, செயின் செட் எப்போது போட்டது, கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் எங்கே என்று போனிலேயே சொல்லுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள், அதற்கான செலவைக் கழித்துவிட்டு விலை பேசலாம். அப்புறம், நான் வந்து சேரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.